எல்லையோர ஊர்களில் குறும்படம் எடுக்கப் போகும் மாணவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்திலிருந்து கோவிந்தாபுரம் வரை நீளும் தமிழ் ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போய் விஸ்காமோ (காட்சித் தொடர்பியல்) இதழியலோ படிக்கும் மாணவர்களுக்கு, ஏதாவது ஒரு பருவத்தில் 5 நிமிடத்துக்கோ 10 நிமிடத்துக்கோ ஒரு குறும்படம் எடுத்துச் சமர்ப்பிக்கும் வேலை வந்து சேரும். முதல் முறையாக அந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவர் படங்கள் பல, நல்ல கேமரா இல்லாததால் கெடுவதில்லை. கையில் இருக்கும் இடத்துக்கும் ஆளுக்கும் நாளுக்கும் பொருந்தாத கதையால் கெடுகின்றன, அதற்கு அடுத்தபடியாக ஒலியால் கெடுகின்றன. ஆகவே இந்த இரண்டையும் விரிவாகச் சொல்லிவிட்டு மற்றவற்றைத் தேவையான அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் கையிருப்பு

கதை யோசிக்கும் முன், குழுவாக உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். கேட்டவுடன் உள்ளே விடக்கூடிய வீடு, கடை, தோப்பு, களம் எவை? இரண்டு நாள் முழுதாக நமக்காக ஒதுக்கக்கூடிய, கேமரா முன் கூச்சப்படாத ஆட்கள் யார்? கருவிகள் என்னென்ன இருக்கின்றன? படப்பிடிப்புக்கு உண்மையில் எத்தனை நாள் கிடைக்கும்? இந்தத் தாளில் இல்லாத எதையும் கதை கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டால், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். போலீஸ் நிலையமும் மருத்துவமனையும் மழையில் ஒரு சண்டையும் வேண்டும் என்று தொடங்கும் கதைகள், படப்பிடிப்பு நாளன்று நண்பனின் வீட்டு ஹாலிலேயே முடிந்துபோகின்றன.

நமது பகுதி கையிருப்பில் ஏழையல்ல. வேலந்தாவளத்தில் காய்கறிச் சந்தை இருக்கிறது. முதலமடையில் மாந்தோப்புகள் இருக்கின்றன. இந்தியாவிலேயே பருவத்தில் முந்தி விற்பனைக்கு வரும் மாம்பழங்களில் அவையும் சேர்த்தி. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் தென்னந்தோப்பும் கள்ளிறக்கும் தொழிலும் உண்டு. அதே தென்னை எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் நின்றால் அங்கே கள் இறக்கச் சட்டத்தில் இடமில்லை. காலையில் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் இரவில் கேரளத்துக்குத் திரும்புகிறவர்களின் பேருந்து இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் உங்கள் குடும்பத்தினரோ அண்டை வீட்டாரோ இருப்பார்கள். கதையை அங்கிருந்து எடுங்கள்.

ஒரு வரி, அதன் பிறகு திரைக்கதை

கதையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் ஒரு ஆளும், அவர் விரும்பும் ஒன்றும், அதற்கு ஒரு தடையும் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரைக்காக நான் ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்கிறேன்: விலை சரிந்த ஒரு காலையில், அம்மாவோடு சந்தைக்குத் தக்காளி கொண்டுவந்த கல்லூரி மாணவி செல்வி, கிடைத்த விலைக்கு விற்பதா, வண்டி வாடகை கொடுத்துத் திருப்பிக் கொண்டுபோவதா என்று அம்மாவுக்குப் பதிலாகத் தானே முடிவெடுக்க வேண்டியதாகிறது. இடங்கள் மூன்று: வீட்டு முற்றம், ஆட்டோ, மண்டி. பேசும் ஆட்கள் மூவர். நேரம் ஒரே காலை. 5 நிமிடப் படத்துக்கு இது போதும். இதற்கு மேல் ஒரு காதலையோ ஒரு மரணத்தையோ சேர்த்தால் எதற்கும் இடமிருக்காது.

திரைக்கதையில் ஒவ்வொரு காட்சிக்கும் தலைப்பில் இடம், உள்ளா வெளியா, பகலா இரவா என்பதைக் குறிக்க வேண்டும். அதன் கீழே கண்ணால் பார்க்க முடிவதும் காதால் கேட்க முடிவதும் மட்டுமே வர வேண்டும். 'செல்விக்கு அப்பாவின் நினைவு வந்தது' என்று எழுதினால் கேமராவுக்கு அதில் வேலையில்லை. 'அப்பாவின் பெயர் எழுதிய பழைய பெட்டியைச் செல்வி மற்ற பெட்டிகளுக்கு அடியில் தள்ளுகிறாள்' என்று எழுதினால் அதைப் படமாக்கலாம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதையின் அச்சு வடிவத்தை ஒட்டியது. தமிழில் எழுதும்போது அதை நம்ப வேண்டாம். கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, செயல்களுக்கும் மௌனங்களுக்கும் இடம் விட்டு, முழுவதையும் உரக்கப் படித்து அளந்துகொள்ளுங்கள்.

உரையாடலை எழுதும்போது தொலைக்காட்சித் தொடரின் தமிழை எழுதாதீர்கள். கொழிஞ்சாம்பாறையில் ஒரு அம்மா மகளிடம் கொங்குத் தமிழில் பேசிக்கொண்டே, கடைக்காரரிடம் பாதி மலையாளத்தில் விலை கேட்பார். அதில் யாருக்கும் எந்தத் தடுமாற்றமும் இல்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள். நடிப்பவர் உங்கள் வரியைத் தன் வாய்க்கு வருகிறபடி மாற்றினால், பொருள் கெடாதவரை அவருடைய வரியையே வைத்துக்கொள்வது நல்லது.

இடம் பார்த்தலும் அனுமதியும்

திரைக்கதை முடிந்ததும், எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறீர்களோ அதே நேரத்தில் அந்த இடத்துக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மின் இணைப்பு எங்கே, மாவு மில் எப்போது ஓடத் தொடங்கும், பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கி எந்நேரம் ஒலிக்கும் என்பதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு நிமிட ஒலியையும் பதிந்து வந்து வீட்டில் ஹெட்போனில் கேளுங்கள். கண்ணுக்கு அழகாக இருந்த இடம் காதுக்கு உதவாது என்பது பல முறை அப்போதுதான் தெரியவரும்.

தனியார் இடத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வாய்ச்சொல்லாக வாங்கினாலும், பெயரும் தேதியும் கையெழுத்தும் உள்ள ஒரு சிறு தாளில் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடிப்பவர்களிடமும் அப்படியே. 18 வயது நிறையாதவர் நடித்தால் பெற்றோரின் கையெழுத்து கட்டாயம் வேண்டும். சந்தை போன்ற பொது இடத்தில், கல்லூரித் துறைத் தலைவரின் கடிதத்தோடு ஊராட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டால் அன்றைக்கு யாரும் வந்து நிறுத்த மாட்டார்கள். மண்டிக்காரரிடம் கேட்கும் விதமும் முக்கியம். "அண்ணா, நாங்க சித்தூர்ல காலேஜ்ல படிக்கிறோங்க. பாடத்துக்கு ஒரு சின்னப் படம் எடுக்கோணும். ஏலம் முடிஞ்ச பிறகு ஒரு மணி நேரம் இந்த ஓரத்துல நின்னுக்கலாங்களா?" என்று, எவ்வளவு நேரம், எந்த மூலை, எப்போது என்பதைச் சேர்த்துக் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. 'கொஞ்சம் ஷூட்டிங்' என்று பொதுவாகக் கேட்டால் அவர் மனத்தில் பெரிய வண்டிகளும் கூட்டமும் தோன்றிவிடும்.

சில இடங்களை முதலிலேயே விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். முதலமடை ரயில் நிலையத்தின் ஆலமரங்கள் யாரையும் இழுக்கும். ஆனால் ரயில்வே இடத்தில் படப்பிடிப்புக்குத் தெற்கு ரயில்வேயின் அனுமதி வேண்டும், பாடத்துக்கான கால அவகாசத்தில் அதைப் பெறுவது கடினம். பறம்பிக்குளம் கேரளத்துப் புலிகள் காப்பகம் என்றாலும் சாலை தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப் சிலிப் வழியாகத்தான் போகிறது. ஆகவே இரண்டு மாநில வனத்துறையையும் கடந்தாக வேண்டும். அணைகளுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் கேமராவோடு போகாதீர்கள். டிரோன் ஆசை இருந்தால், 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்: 250 கிராம் வரை எடையுள்ள நானோ வகைக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்றாலும், மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் சிவப்புப் பகுதியாகக் காட்டப்பட்ட இடத்தில் மத்திய அரசின் அனுமதியின்றி எதையும் பறக்கவிடக் கூடாது. 5 நிமிடக் கதைக்கு வானத்திலிருந்து ஒரு ஷாட் அவசியமாக இருப்பது அரிது.

ஷாட் பட்டியல்

ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு ஷாட்டையும் காட்டும் படவரிசை, வரையத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். குச்சி மனிதர்கள் போதும், அல்லது இடம் பார்க்கப் போனபோது நண்பர்களை நிற்க வைத்துக் கைப்பேசியில் எடுத்த படங்களை வரிசையாக ஒட்டினாலும் போதும். அதைவிட முக்கியமானது ஷாட் பட்டியல்: ஷாட் எண், காட்சி எண், அளவு, கேமரா நிற்கும் இடம், யார் இருக்கிறார், என்ன நடக்கிறது, என்ன ஒலி வேண்டும்.

செல்வியின் மண்டிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதல் ஷாட் அகலமானது: இடது பக்கம் ஏலக்காரர், வலது பக்கம் செல்வி, நடுவில் அடுக்கிய பெட்டிகள், பின்னால் அம்மா. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்வது இந்த ஷாட்டின் வேலை. இரண்டாவது, ஏலக்காரரின் இடுப்பளவு ஷாட். அவர் விலையைச் சொல்கிறார். மூன்றாவது, செல்வியின் முகம். விலையைச் சொல்லும் வார்த்தை ஏலக்காரர் மேல் தொடங்கிச் செல்வியின் முகத்தின் மேல் முடியட்டும். அவள் பதில் சொல்லாமலே நமக்குச் செய்தி கிடைத்துவிடும். நான்காவது, அவள் கையில் உள்ள எடைச் சீட்டு. கட்டைவிரல் அதை இரண்டாக, பிறகு நான்காக மடிக்கிறது. ஐந்தாவது, அம்மாவின் பக்கவாட்டு முகம். அவர் மகளைப் பார்க்காமல் பெட்டியிலிருந்து உருண்ட ஒரு பழத்தை எடுத்து உள்ளே வைக்கிறார். வசனம் ஒரே ஒரு வரி, காட்சி முழுதாகிவிட்டது.

இங்கே மனத்தில் கொள்ள வேண்டியவை இரண்டு. ஏலக்காரருக்கும் செல்விக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஐந்து ஷாட்டிலும் கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள்; மறுபக்கம் போனால், ஒருவரையொருவர் பார்த்துப் பேசியவர்கள் திடீரென்று ஒரே திசையில் பார்ப்பதுபோல் தெரியும். அடுத்தது கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் விவரங்கள் மாறாமல் தொடர்வது: சீட்டு எந்தக் கையில் இருந்தது, எத்தனை பெட்டி அடுக்கியிருந்தது, முந்தானை எந்தத் தோளில் இருந்தது என்பதைக் குறிக்கவே குழுவில் ஒருவரை ஒதுக்கி, ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அவரைப் புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள்.

5 நிமிடப் படத்துக்கு 40, 50 ஷாட் வரும். புதியவர்களால் ஒரு மணி நேரத்தில் 4, 5 ஷாட்டுக்கு மேல் ஒழுங்காக எடுக்க இயலாது. கணக்குப் போட்டால் 10, 12 மணி நேரம், அதாவது வெயிலை ஒதுக்கிப் பார்த்தால் இரண்டு அல்லது மூன்று நாள். அதற்குள் அடங்கவில்லை என்றால் ஷாட்டைக் குறையுங்கள்; மணி நேரத்தை நீட்டாதீர்கள்.

நாளும் பொழுதும்

ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வருகிறது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியைவிடச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் மழை குறைவுதான் என்றாலும், வெளிப்புறக் காட்சிகளை அந்த மாதங்களில் வைப்பது நல்லதல்ல. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. அந்தச் சூட்டில் கைப்பேசி சூடேறிப் பதிவைத் தானே நிறுத்திவிடும். நடுப்பகலில் கண்களுக்குக் கீழே விழும் கறுப்பு நிழலும் முகத்தைக் கெடுக்கும். ஆகவே காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் வெளிக்காட்சி, இடையில் வீட்டுக்குள் எடுக்க வேண்டியவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாசியில் சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா நடக்கும் நாள்களைப் போல, அந்தந்த ஊரின் கோயில் திருவிழா நாள்களையும் காலண்டரில் பார்த்துத் தள்ளிவிடுங்கள்; செண்டையும் வெடியும் கேட்கும் நாளில் வசனக் காட்சி எடுக்க முடியாது.

முதல் நாள் இரவே கால்ஷீட்டை வாட்ஸப் குழுவில் போடுங்கள். யார், எத்தனை மணிக்கு, எங்கே, என்ன உடையில் வர வேண்டும், சாப்பாடு யார் பொறுப்பு, வண்டி யாருடையது என்பது அதில் இருக்க வேண்டும். சம்பளமில்லாமல் நடிக்க வருகிறவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுவது இயக்குநரின் முதல் கடமை என்றே நான் கருதுகிறேன்.

கைப்பேசிக் கேமரா

லென்ஸைத் துடையுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். படுக்கை வாட்டில் பிடியுங்கள். டிஜிட்டல் ஜூமைத் தொடாமல் நீங்களே நடந்து அருகே போங்கள். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். இல்லையென்றால் ஆள் நகரும்போதெல்லாம் படம் வெளுத்தும் கறுத்தும் மாறும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டின் கீழும் மலிவான எல்இடி விளக்கின் கீழும் நொடிக்கு 30 ஃபிரேம் (தனிப் படம்) வீதம் எடுத்தால், திரையில் பட்டை பட்டையாக ஒளி துடிப்பதைப் பார்க்கலாம். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் அது அடங்கும். கைப்பேசியின் சொந்தச் செயலியில் இதை மாற்ற வழியில்லை என்றால், பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியில் மாற்றலாம். முகத்தில் நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் வெயிலே விளக்காகிவிடும். டிரைபாட் ஒன்றை எப்படியாவது கடன் வாங்குங்கள்.

ஒவ்வொரு ஷாட்டையும் செயல் தொடங்குவதற்கு 5 நொடி முன்பே ஓடவிட்டு, முடிந்த பிறகும் 5 நொடி விட்டு நிறுத்துங்கள்.

ஒலி

படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவார். நமது ஊர்களில் ஒலிக்கு ஒரு தனி எதிரியும் உண்டு, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால், தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும் மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று அந்தக் கணவாய் வழியாகப் பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிறுவியதற்குக் காரணமான அதே காற்று, உங்கள் மைக்கில் தடதடவென்று அடிக்கும். காதுக்கு அது லேசாகத்தான் இருக்கும். ஹெட்போன் போட்டுப் பார்த்தால்தான் வசனத்தை விழுங்கியிருப்பது தெரியும். எடிட்டிங்கில் அதை முழுதாக நீக்க முடியாது.

கேமராவாக இருக்கும் கைப்பேசியின் மைக்கை நம்பாமல், ஒரு காலர் மைக்கை இன்னொரு கைப்பேசியில் செருகி, நடிப்பவரின் சட்டைப்பையில் வைத்துத் தனியாகப் பதியுங்கள். மைக்கின் மேல் பஞ்சு உறையும், வெளிப்புறத்தில் அதற்கு மேல் முடிபோன்ற இழைகள் கொண்ட காற்றுத் தடுப்பு உறையும் வேண்டும். பட்டுச் சேலையில் உரசும் இடத்தில் குத்தாதீர்கள். ஷாட் தொடங்கும்போது இரண்டு கருவியும் ஓட, கேமரா முன் ஒருவர் ஷாட் எண்ணைச் சொல்லிக் கையை ஒரு முறை தட்டட்டும். எடிட்டிங்கில் கை சேரும் ஃபிரேமையும் அந்தத் தட்டலின் ஒலியையும் பொருத்தினால் வசனமும் உதடும் சேர்ந்துவிடும். ஒலியளவுக் காட்டி இருந்தால், உரத்த இடத்திலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். குழுவில் ஒருவர் எப்போதும் ஹெட்போனோடு இருக்க வேண்டும். 'இன்னொரு தடவை' என்று சொல்லும் அதிகாரம் இயக்குநருக்கு இருப்பதுபோல அவருக்கும் இருக்க வேண்டும்.

எடுக்கும் இடத்தில் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, டீக்கடை வானொலி ஆகியவற்றை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், ஷாட்டுகளை வெட்டி ஒட்டும்போது அது துண்டு துண்டாகத் தாவும். இணையத்தில் ஏற்றும்போது உரிமைக் கோரலும் வரும். ஒவ்வோர் இடத்திலிருந்து கிளம்பும் முன்பும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 நொடி பதியுங்கள். வெட்டிய வசனங்களுக்கு இடையில் உண்டாகும் பள்ளத்தை அந்த ஒலிதான் நிரப்பும். தராசில் பெட்டி விழும் சத்தம், சீட்டுக் கிழிபடும் சத்தம், ஆட்டோ கிளம்பும் சத்தம் ஆகியவற்றையும் அருகே போய்த் தனித்தனியாகப் பதிந்து வந்தால், மண்டி திரையில் உயிரோடு இருக்கும்.

அன்று மாலையே எல்லாவற்றையும் இரண்டு வேறு வேறு இடங்களில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கைப்பேசியில் அழியுங்கள்.

எடிட்டிங்

எடிட்டிங் மென்பொருளாக டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்போ கேடென்லைவோ போதும். பழைய கணினியில் இரண்டாவது சுலபமாக ஓடும். முதலில் எல்லா ஷாட்டுகளையும் பார்த்து, பயன்படும் டேக்குகளை (ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தவை) எண்ணோடு குறித்துவிட்டு, திரைக்கதை வரிசையில் அடுக்குங்கள். இந்த முதல் அடுக்கு நீளமாகவும் சோர்வாகவும்தான் இருக்கும். அடுத்த சுற்றில், ஒவ்வொரு காட்சியிலும் முதல் ஷாட்டையும் கடைசி ஷாட்டையும் எடுத்துவிட்டால் கதை புரிகிறதா என்று பாருங்கள், புரிந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டு முற்றத்தின் கடைசி ஷாட்டிலேயே மண்டியின் இரைச்சலைத் தொடங்கிவிட்டால், இடம் மாறுவது இயல்பாக இருக்கும். ஒரு முறை ஒலியில்லாமல் படத்தை மட்டும் பாருங்கள், இன்னொரு முறை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள்.

ஆசிரியரோ நடுவரோ மலையாளம் மட்டும் அறிந்தவராக இருக்கலாம் என்பதால் மலையாள வசனவரி (சப்டைட்டில்) அவசியம். தமிழ்நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் மலையாள வசனங்களுக்குத் தமிழ் வரியும் வேண்டும். இங்கே ஒரு தொல்லை வரும்: சில மென்பொருள்களில் 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகித் தனித்தனியாக நிற்கும். முழுவதையும் தட்டும் முன் கொ, கை, ஸ்ரீ போன்ற எழுத்துகள் உள்ள ஒரு வரியைப் போட்டு, ஏற்றுமதி செய்து பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் குடும்பத்தில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இலவச எழுத்துருக்கள் உள்ளன. வரியைத் தனிக் கோப்பாக வைத்தால் யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

இசையில் கவனம் தேவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கல்விக்குச் சில விலக்குகள் உண்டு. வகுப்பறையில் காட்டும்வரை அவை துணை நிற்கலாம், யூடியூபில் ஏற்றும்போது நிற்காது. ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு உரிமை இருக்கிறது. 1921இல் மறைந்த பாரதியின் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் அதை ஒருவர் பாடி வெளியிட்ட பதிவை எடுத்துப் போட முடியாது. உங்கள் ஊரில் நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிக்கிறவரிடம் 2 நிமிடம் வாசித்துத் தரச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிப் பதிவதே எல்லாவற்றிலும் நல்ல வழி.

செய்முறை ஏடு

மதிப்பெண் படத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை. திரைக்கதையின் வெவ்வேறு வடிவங்கள், ஷாட் பட்டியல், இடப் புகைப்படங்கள், சம்மதத் தாள்கள், கால்ஷீட், நாள் குறிப்பு ஆகியவற்றை ஏடாகத் தொகுக்கக் கேட்பார்கள். இதைக் கடைசி இரவில் எழுத முடியாது. எழுதினாலும் அது தெரிந்துவிடும். ஒவ்வொரு நாளும் பத்து வரி போதும், ஆனால் அதில் காரணம் இருக்க வேண்டும். 'மண்டிக் காட்சியை மாற்றினோம்' என்று எழுதாமல், 'ஏலம் நடக்கும்போது வசனம் பதிவாகாது என்று சோதனை ஒலியில் தெரிந்ததால், ஏலம் முடிந்த பிறகு எடுத்து, இரைச்சலைத் தனியே பதிந்து சேர்த்தோம்' என்று எழுதுங்கள். யார் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதும் தெளிவாக இருக்கட்டும். குழு வேலையில் தனி மதிப்பெண் அதைப் பார்த்துத்தான் போடப்படும்.

சமர்ப்பிக்கும் முன்

எம்பி4 வடிவில், 1080பி அளவில் ஏற்றுமதி செய்து, கல்லூரியின் புரொஜக்டரிலும் ஒலிபெருக்கியிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஹெட்போனில் தெளிவாக இருந்த வசனம் ஹாலில் எதிரொலிக்கலாம், இரவுக் காட்சி முழுக் கறுப்பாகலாம். நன்றிப் பட்டியலில் இடம் கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், சமைத்தவர் பெயர்களை எழுத்துப் பிழையின்றிப் போடுங்கள். நடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் உடனே இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள், ஏற்கெனவே பொதுவெளியில் வந்த படங்களைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. கேரள மாநில சலச்சித்ர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடத்திவரும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் கல்லூரி மாணவர் படங்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அவ்வாண்டு அறிவிப்பில் உள்ள நீள வரம்பையும் வசனவரி நிபந்தனையையும் எடிட்டிங்கின்போதே படித்துவிட்டால், பிறகு படத்தை மறுபடி வெட்ட வேண்டியிருக்காது.